நெய் பூசிய வேல்கள்

அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் ஆயுதசாலையைத் திறந்து காட்டிய கதையைப் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் தடவி அடுக்கிய வேல்களைப் பார்த்துவிட்டு, இவை எவ்வளவு அழகு என்றார் ஔவை. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லனுடைய சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன என்றும் சொன்னார். வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாக வாத்தியார் இதைச் சொன்னபோது, ஔவை நையாண்டி செய்தார் என்றே வகுப்பு முழுக்க விளங்கிக்கொண்டது. வாத்தியார் மறித்தார். ஔவை ஒரு சொல்லும் பொய்யாகச் சொல்லவில்லை, வேல்கள் உண்மையிலேயே பளபளத்தன, அவர் அதைப் பார்த்து ரசித்துத்தான் சொன்னார் என்றார். ரசித்துச் சொன்ன அந்தச் சொல்லுக்குள்ளேயே பழியும் இருந்தது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.

அந்த வழியில்தான் இயக்குநர் ஹரியின் ‘சிங்கம் 2’ படத்தைப் புகழ வருகிறேன். இங்கே சொல்வது எல்லாவற்றையும் மனதார நம்பியே சொல்கிறேன்.

2010 மே மாதம் வந்த ‘சிங்கம்’ சூர்யாவுக்கு இருபத்தைந்தாவது படம். தூத்துக்குடிப் பக்கத்தில் நல்லூர் என்ற ஊர், அங்கே துரைசிங்கம் என்ற சப் இன்ஸ்பெக்டர், சென்னையில் மயில்வாகனம் என்ற பெரிய ரவுடி. நிபந்தனை ஜாமீனில் வந்த மயில்வாகனம் நல்லூர் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கையெழுத்தில் மூளும் பகை ஒருவன் செத்து விழும்வரை போகிறது. கட்டுக்கோப்பான கதை. முகாம்களிலும் காவல் நிலையங்களிலும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுப் பழகிய எங்கள் ஊர் ஆட்களுக்கு அந்தக் கையெழுத்தின் கனம் உடனே பிடிபட்டது. மயில்வாகனமாக வரும் பிரகாஷ்ராஜ் அந்தக் காட்சியில் பேனாவைப் பிடித்த விதத்தை எங்கள் வீட்டில் வருஷக்கணக்காகப் பேசினார்கள். இந்தியில் ‘சிங்கம்’ என்றும் கன்னடத்தில் ‘கெம்பேகவுடா’ என்றும் அடுத்த வருஷமே அதைத் திரும்ப எடுத்தார்கள். பகை முடிந்தது, காதல் கைகூடியது, ஊரும் நிம்மதியானது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் கடைசி நிமிஷங்களில் ஒரு வால் ஒட்டியிருந்தது. ஊரறிய வேலையை விட்டுவிட்டுப் போகும் துரைசிங்கம், உண்மையில் உள்துறை அமைச்சரின் இரகசியக் கட்டளையோடுதான் போகிறான். தூத்துக்குடியில் ஆயுதம் கடத்துகிறவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வாலைப் பிடித்து மூன்று வருஷம் கழித்து, 2013 ஜூலை 5ஆந் தேதி, இரண்டே முக்கால் மணிநேரத்துக்கு ஒரு முழுச் சிங்கத்தை இழுத்துக்கொண்டு வந்தார் ஹரி. யாரும் கேட்காத கதை அது. முதல் படம் பார்த்த ஒருவரும் அந்த ஆயுதக் கடத்தல் என்னவாயிற்று என்று தூக்கம் கெட்டிருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கேட்காமலேயே வந்த அந்தப் படம் எங்களை அப்படிச் சந்தோஷப்படுத்தியது.

அந்த இரவைச் சொல்ல வேண்டும். படம் வெளியான அடுத்த கிழமையே நோன்பு தொடங்கிவிட்டது. புத்தளத்திலிருந்து மச்சான் கொண்டுவந்த கொப்பி சிலாவத்துறையில் எங்கள் வீட்டு அலுமாரிக்குள் நோன்பு முழுக்கக் கிடந்தது. பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் இரவுதான் உம்மா சாவியைத் தந்தா. சிலாவத்துறை இருக்கிற முசலிக்கு நாங்கள் திரும்பி வந்து இரண்டு வருஷமாகியிருந்தது. 1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடல் வழியாகவும் காட்டு வழியாகவும் புத்தளம் போனவர்களில் எங்கள் வீட்டாரும் சேர்த்தி. நான் அப்போது உம்மாவின் இடுப்பில். திரும்பி வந்தபோது வளவுக்குள் விளாத்தி மரம்வரை காடு ஏறியிருந்தது. எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வரவில்லை. ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றி, டீவியை முற்றத்தில் மேசைமேல் ஏற்றி, பாய் விரித்தோம்.

சோழகம் அடித்துக்கொண்டிருந்த காலம். கடல் கொந்தளிப்பில் இருந்ததால் தொழிலுக்குப் போகிறவர்களெல்லாம் கரையில் நின்றார்கள். பெரிய மாமா வந்திருந்தார். சங்கும் கடலட்டையும் குளித்தே காதடைத்துப்போன மனிதர், அதனால் சத்தம் பத்தாது பத்தாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அரிப்பிலிருந்து வாப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் வந்திருந்தார், கத்தோலிக்கர், சம்மாட்டி. அவருடைய பேரப்பிள்ளைகளும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் முன்வரிசையில். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பாயில் உட்காராத இரண்டு குடும்பம். சேர்ந்து பார்க்கத் தகுந்த படம் எது என்று யோசித்து ஒருவரும் அதைத் தெரிவுசெய்யவில்லை. இருந்த கொப்பி அது ஒன்றுதான். நினைத்துத் தெரிந்திருந்தாலும் அதைவிடப் பொருத்தமான ஒன்று கிடைத்திருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன். யாருடைய நெஞ்சையும் தொடாத படமாகப் பார்த்து யாராவது போட்டிருக்க வேண்டுமென்றால், இதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

முதலில் அந்த ஒளித்தலைச் சொல்கிறேன். இரகசிய அதிகாரியான துரைசிங்கம் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. மாஸ்டராக மறைந்திருக்கிறான். மீசை அப்படியே இருக்கிறது, நடையிலும் பார்வையிலும் ஒரு மாற்றமுமில்லை. காக்கிச் சட்டை போட்டால் என்ன அளவோ அதே அளவில் முதுகு நிமிர்ந்திருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை. அரிப்புச் சம்மாட்டியின் சின்னப் பேரன், “சீயா, இவர் ஒளிச்சிருக்கிறாராம், எனக்கே தெரியுதே!” என்று எழும்பி நின்றுவிட்டான். திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கும் பிள்ளையின் கால் இரண்டும் வெளியே தெரிய, கண்டும் காணாததுபோல் வீடு முழுக்கத் தேடுகிற தாயைப்போல் அந்தப் படத்தின் தூத்துக்குடி நடந்துகொள்கிறது. அந்த விளையாட்டை ஹரி இடைவேளை வரை சலிக்காமல் ஆடுகிறார்.

ஒளித்தல் என்பது எங்கள் பக்கத்தில் வேறு சங்கதி. பற்றைக்குள் மூச்சடக்கிக் கிடந்தவர்கள், பிள்ளை அழாமலிருக்க வாயைப் பொத்தியவர்கள் அந்த முற்றத்தில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒளித்தலை இவ்வளவு விளையாட்டாக எடுத்த ஒருவரை நான் வாழ்த்துகிறேன். அதன் பாரம் ஒரு துளியாவது அவருக்குத் தெரிந்திருந்தால் அந்தக் காட்சிகளை எடுத்திருக்கவே முடியாது. பார்த்த எங்களுக்குச் சிரிக்கவும் முடிந்திருக்காது.

அடுத்தது அந்த வேகம். ஹரி படம் எடுக்கும் விதத்தில் ஓர் ஆள் கதிரையிலிருந்து எழுவதற்குள் நாலு கோணம் மாறிவிடும். வண்டிகள் தரையில் ஓடுவதைவிட ஆகாயத்தில் இருக்கும் நேரம் கூட. பேசுகிறவர்கள் மூச்சு விடுவதில்லை. ப்ரியனின் கமெரா ஓட, வி.டி. விஜயனின் வெட்டு அதைத் துரத்த, தேவி ஸ்ரீ பிரசாத் இரண்டுக்கும் மேலாகத் தவில் அடித்ததுபோல் போட்டுக்கொண்டே போகிறார். ஒரு காட்சி ஏன் நடந்தது என்று யோசிப்பதற்குள் அதற்கடுத்த காட்சி முடிந்திருக்கும். இதைக் குறை சொல்கிறவர்களை நான் வாசித்திருக்கிறேன். நான் இதைப் பெரிய கெட்டித்தனம் என்கிறேன். இந்தக் கதையை ஓர் இடத்தில், ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்துக்கு நிற்பாட்டினால் அது அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அன்று இரவு அப்படித்தான் நடந்தது. ஜெனரேற்றரில் எண்ணெய் தீர்ந்து படம் நின்றது. எண்ணெய் ஊற்றுகிற பத்து நிமிஷத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பெரியவர்கள் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அமைச்சர் சொல்லித்தான் வந்திருக்கிறான் என்றால் தன் வாப்பாவுக்கு மட்டும் ஏன் இரகசியமாகச் சொல்லக்கூடாது? காதலி காவ்யா எத்தனை வருஷமாகக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறா? எஞ்சின் திரும்பப் பிடித்தது. சூர்யா ஒரு மேசையைத் தாண்டிப் பாய்ந்தார். கேள்விகள் எல்லாம் ஓடிப்போயின.

ஓடிக்கொண்டே இருந்தால் விழாது என்று தெரிந்து, கடைசிவரை ஓடவைத்த இயக்குநர் அவர். படகோட்டத் தெரிந்தவன் ஓட்டை வள்ளத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே கரை சேர்வது மாதிரி. வள்ளத்தில் ஓட்டை இருந்தது என்பதும் உண்மை. கரை சேர்ந்தோம் என்பதும் உண்மை.

காவ்யாவாக நடிக்கிற அனுஷ்காவுக்கு இரண்டாம் படத்தில் காத்திருப்பதுதான் வேலை. அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்திருக்கிறார். ஹன்சிகாவின் சத்யா பள்ளிக்கூடப் பிள்ளை, மாஸ்டரை விரும்புகிறாள், படம் முடியும்வரை உயிரோடு இருப்பதில்லை. உம்மா அவளுக்காக அழுதா. படம் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, உம்மா தானாகவே ஒதுக்கிக்கொண்டா.

இனி அந்தத் தகப்பனும் காக்கியும். ராதாரவி நடிக்கிற சவுந்தரபாண்டி, மகன் பொலிஸ் வேலையை விட்டுவிட்டான் என்பதற்காக அவனோடு பேசாமலிருக்கிறார். யூனிஃபோமில் பார்த்தால்தான் பேசுவார். பிற்பாதிக்குப் போகிற நேரத்தில் ஊரில் கலகம் மூள, துரைசிங்கம் ஒளிப்பை விட்டு வெளியே வந்து டி.எஸ்.பி.யாகப் பொறுப்பெடுக்கிறான். அந்தக் காக்கிச் சட்டை திரையில் வந்த கணத்தில் எங்கள் முற்றத்தில் கை தட்டியவர்களில் என்னுடைய வாப்பாவும் ஒருவர்.

வாப்பா சீருடைக்குக் கைதட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. எந்த நிறச் சீருடையைக் கண்டாலும் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கிற மனிதர் அவர். எந்தப் பக்கத்துச் சீருடை என்பது வருஷத்துக்கு வருஷம் மாறியது, இறங்கி நிற்பது மாறவில்லை. முசலியில் 2007 செப்டெம்பரில் கடைசியாகச் சண்டை நடந்து முடிந்து ஆறு வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கம் அவருடைய முழங்காலில் இருந்தது. அப்படிப்பட்டவரைக் கைதட்ட வைத்த காக்கி அது. அந்தச் சட்டையைத் தைத்தவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அது ஒரேயொரு ஆள் போட்ட சீருடை. அதற்கு முகாம் கிடையாது, முள்ளுக்கம்பி கிடையாது. அது ஒருவருடைய வளவுக்குள்ளும் குடியிருக்கவில்லை. விசாரணை என்று கூட்டிப்போன எவரும் அதனிடமிருந்து திரும்பி வராமல் போனதில்லை. கெட்டவனை மட்டும் அடிக்கிற, ஆளை ஒருபோதும் மாறிப் பிடிக்காத அப்படியொரு காக்கியை உலகத்தில் எங்கும் தைக்க முடியாது, படத்தில்தான் தைக்கலாம். ஹரி அதை ஒரு சுருக்கமும் விழாமல் தைத்திருக்கிறார்.

எழுத எழுத ஔவையார்தான் நினைவுக்கு வருகிறார். சிங்கத்தின் கை வேகத்துக்கு முதல் படத்திலேயே எடை சொல்லிவிட்டார்கள், ஒன்றரை டன். அடி விழும்போது கிராபிக்ஸில் ஒரு சிங்கம் உறுமிப் பாயும். அடிபட்டவன் சுழன்று விழுவான். இரத்தம் அளவாக, ஓரமாக, சட்டையைக் கெடுக்காமல் வரும். விழுந்தவனுக்குத் தாய் இல்லை, வளவு இல்லை, மறுநாள் இல்லை. பீலி கட்டிய வேல் அது. முனை முறிந்த வேல்களை நாங்கள் எங்கள் காணிக்குள்ளேயே பார்த்திருக்கிறோம். காடு வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்படுகிறவற்றைக் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்புத் தடியால் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால்தான் நெய் பூசியதைக் கண்டதும் அவ்வளவு ஆசையாகப் பார்த்தோம்.

பிறகு கடல்.

‘சிங்கம் 2’ மன்னார் வளைகுடாவில் நடக்கிற படம். தூத்துக்குடித் துறைமுகம், படகு, கப்பல், நடுக்கடலில் கைமாறும் சரக்கு. பெரிய மாமா அந்தக் கடலைப் பார்த்ததும் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்.

“இது எங்கட கடலா மாமா?”

“ஓம் புள்ள. அந்தப் பக்கம்.”

“அப்ப நாங்க எங்க நிக்கிறம்?”

மாமா கையை நீட்டி டீவிப் பெட்டியின் வலது ஓரத்துக்கு அப்பால், வேலிப் பக்கமாகக் காட்டினார். “இங்கால.”

உண்மைதான். அரிப்பும் சிலாவத்துறையும் மறிச்சுக்கட்டியும் அந்தச் சட்டகத்துக்கு வெளியே வலது பக்கத்தில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தக் கடலுக்கு நாங்கள்தான் நடு. முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் சுழியோடிகள் இங்கே வந்து கூடினார்கள். வெறும் மணலில் ஒரு பட்டணமே எழும்பி, குளிப்பு முடிந்ததும் கலைந்துபோகும். 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் வேலைக்கு நின்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி லெனாட் வூல்ஃப் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரானார். முத்துக்குளிப்பைப் பார்க்கத் தோதாக ஆளுநர் பிரடெரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக்குப் பக்கத்தில் கட்டிய மாளிகையின் மிச்சம் இன்னும் கடலோரத்தில் நிற்கிறது. அதை எங்கள் ஆட்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். ஆளுநருடைய கதை முடிந்த பிறகு, கேட்பாரற்றுக் கிடந்த சுவருக்கு ஒரு ராணியைக் குடிவைத்து இரண்டாம் பாகம் எடுத்தது எங்கள் ஊர்தான். அதனால் தேவையில்லாத தொடர்ச்சிகள்மீது எனக்குக் கோபம் வருவதேயில்லை. கோட்டையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

1976இல் இரண்டு அரசாங்கமும் மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோடு கீறிக்கொண்டன. கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து மடி இழுக்கிற ரோலர்கள் இரவோடிரவாக எங்கள் ஆட்களின் வலைகளை வாரிக்கொண்டு போகின்றன. இங்காலும் அங்காலுமாகக் கடத்தலும் நடக்கத்தான் செய்கிறது. கடலட்டை பிடிப்பதை இந்தியா 2001இல் தடைசெய்தது, இங்கே அனுமதிப்பத்திரத்தோடு பிடிக்கலாம், ஆகவே அது இரவில் இந்தப் பக்கம் வரும். பீடி இலை வரும், கஞ்சா வரும். இங்கே மஞ்சள் இறக்குமதியை நிற்பாட்டிய பிறகு மூட்டை மூட்டையாக மஞ்சள் வந்தது. தங்கம் அங்கால் போகும். பிடிபடுகிறவன் பெரும்பாலும் கூலிக்குப் படகு ஓட்டினவன். பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்காகப் போனேன் என்பான்.

ஹரியின் கடலில் இவை ஒன்றும் இல்லை. அங்கே கோடு கிடையாது, மிதக்கிற வலை கிடையாது, பக்கத்தில் இன்னொரு நாடும் கிடையாது. தூத்துக்குடியிலிருந்து இறங்கினால் நேராக ஆப்பிரிக்கா. இலங்கை என்று ஒரு தீவு வழியில் கிடப்பதே தெரியாத கடத்தல்காரர்கள் அவர்கள். தண்ணீர் நல்ல நீலம். பெரிய மாமா படம் முழுக்க அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் தொழில் செய்த கடலை ஒருவித ஏக்கமும் பயமுமில்லாமல் அவர் பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான். அந்தக் கடலில் அவரை யாரும் மறித்ததில்லை. அதில் அவர் ஒருநாளும் இறங்கியதில்லை என்பதால்.

வில்லன்கள் மூன்று பேர். தங்கராஜாக ரகுமான் வருகிறார், மிடுக்காக. முகேஷ் ரிஷி நடிக்கிற ஆளுக்குப் ‘பாய்’ என்பதுதான் பெயர். இந்த இடத்தில் மனதில் இருப்பதை அப்படியே சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவரை ஒருவர் நானா என்போம், காக்கா என்போம். பாய் என்று கூப்பிடுகிற வழக்கம் அக்கரையில்தான். அதனால் அன்று முற்றத்தில் இருந்த பாதிப்பேருக்கு அது ஒரு சமூகத்தையே அழைக்கிற சொல் என்று உறைக்கவில்லை. ஒரு மனிதனுடைய பெயர் என்றே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்ப் படங்களில் கடத்தல்காரனாக, குண்டு வைக்கிறவனாக எங்கள் ஆட்கள் வந்துபோகிற விதம் தெரிந்த எனக்கு முகம் சூடாகியது. ஓரமாக அரிப்புச் சம்மாட்டியைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சங்கடப்பட்டு. பெயர்கூட வைக்க மெனக்கெடாமல் ஒரு பாத்திரத்தை எழுதியதால் அதில் வெறுப்பு வைக்கவும் அவர்கள் மெனக்கெடவில்லை என்பது என் கணிப்பு. இதைவிட நேரமெடுத்து, யோசித்து, ஆராய்ச்சி செய்து எங்களைக் கெட்டவர்களாகக் காட்டிய படங்கள் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இந்த அலட்சியம் எவ்வளவோ மேல். பாய் அடிவாங்கிய வேகத்தில் அவன் யார் என்பதே மறந்துபோயிற்று.

மூன்றாவது ஆள் டேனி. நடித்தவர் பிரித்தானிய நடிகர் டேனி சபானி, பின்னாளில் ‘பிளாக் பாந்தர்’ படத்திலும் வந்தவர். கண்ணும் தொண்டையும் மேடையில் பழகியவை என்பது ஓர் உறுமலிலேயே விளங்கிவிடும். படத்தில் அவர் போதைப்பொருள் அரசன். யாரென்று தெரியாமலேயே துரைசிங்கம் அவரைப் பிடித்து லொக்கப்பில் போடுகிற இடம் இந்தப் படத்தின் நல்ல இடங்களில் ஒன்று. ஓர் உள்ளூர் ஸ்டேஷனின் சின்ன அறைக்குள் உலகத்தையே அடைத்துவிட்ட குதூகலம் அதில் இருக்கிறது. அவர் கர்ச்சித்தபோது எங்கள் சின்ன ராத்தாவின் மகன், “இவர் சிரம்பியடியா?” என்று கேட்டான். புத்தளத்தில் பிறந்த பிள்ளை. அங்கே சிரம்பியடியில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்களை அவனுக்குத் தெரியும், அவர்கள் பாட்டுப் பாடி ஆடுவதைப் பார்த்திருக்கிறான். ஒரு கண்டத்தை முழுசாக ஒரே முரடனுக்குள் திணித்து முடித்த படத்துக்கு முன்னால் இருந்துகொண்டு, அந்தப் பிள்ளை அவருக்கு ஓர் ஊரும் அக்கம்பக்கமும் கொடுத்துவிட்டான். கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். சபானி அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்கு முந்தைய வருஷம், 2012 ஜூலையில், ‘பில்லா 2’ வந்தது. அதுவும் யாரும் கேட்காத கதைதான், முதல் படத்துக்கு முன்கதை. அதில் அஜித் இலங்கையிலிருந்து படகேறித் தமிழ்நாட்டுக் கரைக்குப் போகிற அகதி. எங்களுடைய கடலும் படகும் முகாமும் அதில் வருகின்றன. எல்லோரும் இறுகிய முகத்தோடு மெதுவாக நடக்கிறார்கள். அதே முற்றத்தில் அதையும் போட்டோம். அரைமணி நேரத்தில் வாப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். ஒருவனுடைய அகதி வாழ்க்கை துப்பாக்கி பிடிக்கிற கைக்கு முன்கதையாக மட்டும் பயன்படுவதை அவரால் பார்க்க முடியவில்லை. ‘சிங்கம் 2’ அப்படி எங்களை எடுத்துப் பயன்படுத்தவில்லை. எங்களைத் திரும்பியும் பார்க்காமல் எங்கள் கடலில் படம் எடுத்துவிட்டுப் போனது. அது எங்களுக்குச் செய்த மிகப் பெரிய மரியாதை அதுதான். வாப்பா கடைசிவரை இருந்து பார்த்தார்.

2017 பெப்ரவரியில் மூன்றாம் பாகம் வந்தது. 2018இல் ‘சாமி’க்குப் பதினைந்து வருஷம் கழித்து ‘சாமி ஸ்கொயர்’ என்று அதே ஹரி கொண்டுவந்தார். 2024இல் இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு ‘இந்தியன் 2’ வந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். அவற்றுக்குச் சொல்லச் செய்தி இருந்தது, காரணம் இருந்தது, தாங்கள் ஏன் வந்தோம் என்ற விளக்கம் நீளமாக இருந்தது. ‘சிங்கம் 2’இடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. வந்தது, அடித்தது, பறந்தது, தென்னாபிரிக்காவரை துரத்திப் போய் ஆளைப் பிடித்தது. படம் முடிந்து ஜெனரேற்றரை நிற்பாட்டியபோது கடலின் சத்தம் திரும்ப வந்தது. அரிப்புச் சம்மாட்டி தூங்கிப்போன சின்னப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, “அடுத்த படம் எங்கட வீட்டில” என்றார் வாப்பாவிடம். வாப்பா “இன்ஷா அல்லாஹ்” என்றார். அடுத்தது என்ன படம் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கொப்பி நாலைந்து மாதத்தில் கீறல் விழுந்து நடுவில் நடுவில் நின்றுபோகத் தொடங்கியது. கார்த்திகை மழையோடு அகத்திமுறிப்புக் குளத்துக்குத் தண்ணீர் வந்து, இருபது வருஷத்துக்கு மேல் தரிசாகக் கிடந்த எங்கள் துண்டில் வாப்பா இரண்டாம் தடவையாக நெல் விதைத்தார். கதிர் முற்றுகிற நேரம் குருவி விழுந்தது. டீவி மேசைக்கடியில் கிடந்த பழைய சீடிகளைப் பொறுக்கி, நூல் கட்டி, வரம்போரத் தடிகளில் தொங்கவிட்டார். ‘சிங்கம் 2’ மூலைத் தடியில். காற்றுக்கு அது சுழன்று வெயிலை வாரி வீசும்போது கண் கூசும். குருவிகள் விர்ரென்று எழும்பிப் பாலை மரத்தில் போய் இருக்கும். கொஞ்சம் நேரம் பார்க்கும். பிறகு ஒவ்வொன்றாக இறங்கி வந்து, அதற்குக் கீழேயே கதிர் கொத்தும். வாப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பால் ஓடுவார்.